கடலுக்கடியில் பந்தி விசாரித்தவர்

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தே "பேரு எதுக்குப் பிரஸ்காரரே, எலையப் பாருங்க" என்பார். காரைக்குடிப் பக்கம் முப்பது வருஷம் கல்யாணப் பந்தி விசாரித்தவர் என்றாலே எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். மார்கழி பிறந்தால் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு அந்தமான் கடலுக்குள் இறங்குகிறவர் என்று சேர்த்துச் சொன்னால் மீதிப் பேரும் சிரித்துத் தலையாட்டுவார்கள்.

எனக்குச் செக்காலை ரோட்டில் ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. நான் பத்திரிகை அடித்த கல்யாணங்களில் அவர் பந்தி பார்ப்பார். அப்படித்தான் பழக்கம். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் கேலியாகப் 'பிரஸ்காரரே' என்று ஆரம்பித்தது அப்படியே நிலைத்துவிட்டது.

அவர் சமையல்காரர் இல்லை. வெந்நீர் வைக்கச் சொன்னால் தீய்த்துவிடுவார் என்று அவர் மனைவியே சொல்வார். ஒரு சமையல் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வை வேலை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒன்றும் இருக்காது. இரண்டு வரிசை இலைகளுக்கு நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பார், திரும்பி நடப்பார். வாய் "என்ன வேணும், என்ன வேணும்" என்று கேட்டுக்கொண்டே போகும். ஆனால் பதிலுக்கு நிற்க மாட்டார். ஆரம்பத்தில் இது என்ன மரியாதை, கேட்டுவிட்டுக் காதில் வாங்காமல் போகிறாரே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அரியக்குடியில் ஒரு கல்யாணம். என் பக்கத்து இலையில் ஒரு பெரியவர், பெண் வீட்டுக்குத் தூரத்து உறவு. எங்கள் பக்கத்து இனிப்பான கவுனி அரிசி வாளியில் வந்தபோது இரண்டு கையையும் இலைக்குக் குறுக்கே நீட்டிப் 'போதும் போதும்' என்றார். பரிமாறுகிறவர் தாண்டிப் போய்விட்டார். நம் ஆள் எங்கிருந்தோ வந்து, வாளியைத் திருப்பிக் கூட்டிவந்து, பெரியவர் இலையில் இரண்டு கரண்டி வைக்கச் சொன்னார். பெரியவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் "இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா" என்று சவடால் அடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து போகும்போது, "அரைக் கரண்டி வைப்பா, அவுகளுக்கு மூச்சு வாங்குது" என்று பரிமாறுகிறவர் காதில் இவர் சொன்னது எனக்குக் கேட்டது.

கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பெரியவர் போதும்னுதானே சொன்னாரு?"

"கை போதும்னுச்சு. கண்ணு வாளியோடயே நாலு எலை தாண்டிப் போச்சே. பக்கத்துல உக்காந்திருந்தீக, நீங்க பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. என் இலையில் கவுனி அரிசி இருந்தது.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பந்தி முடிந்து, மேளக்காரர்கள், கார் ஓட்டி வந்தவர்கள், இலை எடுக்கிற பெண்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் உட்காருவார். உட்காருமுன் மண்டபத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்து, "எல்லாரும் எந்திரிச்சாச்சா?" என்பார். யாராவது "ஆச்சுண்ணே" என்று சொன்னால்தான் இலை விரிப்பார். அதற்குள் நல்ல பண்டமெல்லாம் தீர்ந்திருக்கும். கவுனி அரிசி அவர் இலைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "பாத்தாச்சுல்ல, அது போதும்" என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் கடலுக்குள் போன கதை வேடிக்கையானது. போர்ட் பிளேரில் குடியேறிய எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று அங்கே மணிவிழா வைத்தது. காரைக்குடிச் சாப்பாடுதான் வேண்டும் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விழா முடிந்து ஒருநாள் சும்மா இருந்தபோது, கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுகிறோம் என்று கரையில் கூவி அழைத்தவர்களிடம் இவர் போய் நின்றிருக்கிறார். முகமூடியை மாட்டி, வாயில் காற்றுக்குழாயைக் கொடுத்து, கையைப் பிடித்து அரைமணி நேரம் உள்ளே வைத்திருந்திருக்கிறார்கள். மேலே வந்தவர் சொன்னது இது: "இருபது வருசத்துல மொத தடவையா, அரைமணி நேரம் யாரும் என்னையச் சாம்பார் எங்கன்னு கேக்கலை."

அதோடு விட்டாரா? புதுச்சேரியில் பயிற்சி எடுத்தார், சான்றிதழ் வாங்கினார். மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்தமான் கடலும் அப்போதுதான் தெளிந்து கிடக்கும். இரண்டும் தோதாக அமைந்துவிட்டது. அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "ஊருல எல்லாரும் ஏகாதசிக்கு அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் போறாக. இவுக மட்டும் தண்ணிக்குள்ள வைகுண்டம் தேடிப் போறாக."

மார்கழியில் பத்திரிகை அச்சடிப்பவனுக்கும் வேலை கிடையாது. ஒரு வருஷம் என் அச்சகத்தில் உட்கார்ந்து அந்தக் கடலடிச் சுவரைப் பற்றி அவர் சொன்னார். ஒரு தீவை ஒட்டிப் பவழப்பாறை மெல்லச் சரிந்து போகுமாம். ஐந்தாறு ஆள் ஆழத்துக்கு அப்புறம் சட்டென்று நேர் செங்குத்தாக இறங்கிவிடுமாம். "நம்ம ஊரு பெரிய வீட்டுக்கு வாசல் ஒரு தெருவுல, பின்கட்டு அடுத்த தெருவுலன்னு பக்கச் சுவரு நீண்டுக்கிட்டே போகும்ல, அதை நட்டக்குத்தலா நிறுத்திப் பாருங்க. ஒரு தோளு பக்கம் சுவரு, மறு தோளு பக்கம் வெறும் நீலம். கீழ பாத்தா தரையே கிடையாது." அந்தச் சுவரில் இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு திட்டு. திட்டின்மேல் ஒரு கடல் விசிறி. செடி மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணி. வீட்டுத் தலைவாசல் அகலத்துக்கு விரிந்து நிற்கிறது என்று அங்கே கூட்டிப்போகும் வழிகாட்டி சொல்லியிருக்கிறான். பலகாரம், பாராட்டு, மாலை எதையும் தனக்கென்று கேட்காத மனுஷன், அதை மட்டும் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று குழந்தை மாதிரி ஆசைப்பட்டார். இரண்டு மார்கழி போயும் கிடைக்கவில்லை. முதல் வருஷம் நீரோட்டம் விடவில்லை. அடுத்த வருஷம் கூட இறங்கிய சென்னைக்காரருக்குக் காது அடைத்து, எல்லோரும் திரும்ப வேண்டியதாயிற்று. தனியாக இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

"அப்ப இந்தத் தடவை நான் வர்றேண்ணே" என்று வாயை விட்டேன்.

புதுச்சேரிப் பயிற்சியில் நான் தேறியது பெருமாள் புண்ணியம். கண்மாயில் நீந்திய உடம்புதான், நீச்சல் வந்தது. மூச்சுதான் வசப்படவில்லை. "நீங்க காத்தைச் சாப்பிடலை பிரஸ்காரரே, விழுங்குறீக" என்று அவர் சிரித்தார். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் ஒன்று குழாயில் இடுப்போடு தொங்கும். முழு உருளை இருநூறு. எனக்கு அது மற்றவர்களைவிட வேகமாக இறங்கும்.

சுவருக்குப் போகும் படகில் வைத்து அவர் எனக்கு ஒன்று சொன்னார். நம் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தால், நாம் சாப்பிட்டு முடித்துவிட்டோம் என்று எழுந்துவிட முடியாது. வரிசையில் கடைசி ஆள் முடிக்கும்வரை இலையில் விரலால் கோலம் போட்டுக்கொண்டாவது உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்தால் மற்றவர்களையும் அரைவயிற்றில் எழுப்பிவிட்ட மாதிரி. சின்ன வயதில் அப்படி எழுந்து என் அப்பாவிடம் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

"இங்க அது தலகீழு," என்றார். "மொத ஆளுக்குப் பாதி ஆயிருச்சுன்னா மொத்தப் பந்தியும் எந்திரிச்சிரணும். நூறைத் தொட்டதும் கையைக் காட்டுங்க. கூச்சப்படாதீக."

"சரிண்ணே" என்றேன். தலையும் ஆட்டினேன்.

நாலு பேர் இறங்கினோம். வழிகாட்டியும் ஒரு பெங்களூர்க்காரரும் முன்னால். நானும் அவரும் பின்னால். பாறைச் சரிவு முடிந்து சுவரின் விளிம்பைத் தாண்டினோம். கீழே நீலம், அதற்குக் கீழே கருநீலம், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இறங்க இறங்க நிறங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. என் மணிக்கட்டில் அரியக்குடியில் கட்டிய சிவப்புக் கயிறு கறுப்பாகிவிட்டது. சிவப்பு மையும் மஞ்சள் மையும் தீர்ந்துபோன இயந்திரத்தில் அடித்த தாள் மாதிரி இருந்தது சுவர் முழுக்க. ஆனால் அவர் கைவிளக்கை அடித்த இடத்தில் மட்டும் ஆரஞ்சும் ஊதாவும் குபுக்கென்று கிளம்பும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே போனேன். வாயைப் பிளந்தால் காற்று சும்மா இருக்குமா?

அவர் பந்தியில் நடப்பதுபோலவே நீந்தினார். கை இரண்டையும் மடித்துக் கட்டிக்கொண்டு, அவசரமில்லாமல். பத்து எட்டுப் போவார், திரும்பி என்னைப் பார்ப்பார். மறுபடி பத்து எட்டு. நான் அவரைத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இருபத்துநாலு மீட்டரில் வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினான். சற்றுத் தள்ளிக் கீழே திட்டு தெரிந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ அகலமாக விரிந்து நின்றது. அவர் விளக்கைத் திருப்பினார். வெளிச்சம் அதன் ஓரத்தை மட்டும் எட்டியது. எட்டிய இடம் குங்குமமாகச் சிவந்தது. இருபதடி இருக்கும், அவ்வளவுதான். கண்ணாடிக்குள் அவர் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன்.

அப்போதுதான் என் முள்ளைப் பார்த்தேன். அறுபது. நூறு எப்போது போனது என்றே தெரியவில்லை.

திரும்பி நின்ற அவர் இரண்டு விரலை உள்ளங்கையில் வைத்துக் கேட்டார்: எவ்வளவு இருக்கிறது? மூன்று மார்கழியாக இவர் காத்திருந்த இலை இப்போதுதான் போடப்பட்டிருக்கிறது, நான் எழுந்து இவரை எழுப்புவதா? அப்பாவின் அடி நினைவுக்கு வந்ததா, வெட்கமா, தெரியவில்லை. ஒரு விரலைக் காட்டி, மறுபடி ஒரு விரலைக் காட்டினேன். நூறுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, நூற்றுப் பத்து. முகமூடிக்குள்ளேயே சிரிக்கவும் செய்தேன்.

அவர் என் விரலைப் பார்க்கவே இல்லை. என் வாயிலிருந்து மேலே போகும் குமிழிகளைப் பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். அருகே வந்து, என் இடுப்பில் தொங்கிய முள்ளைத் தானே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளக்கை அசைத்து வழிகாட்டியைக் கூப்பிட்டு, கட்டைவிரலை உயர்த்தினார். தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போவோம்' என்று பொருள். விசிறியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் தோள்பட்டையைப் பிடித்தபடியே மெதுவாக மேலே கொண்டுவந்தார். ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். அங்கே தன்னுடைய உபரிக் குழாயை என் வாய்க்குக் கொடுத்துத் தன் காற்றிலேயே என்னை நிறுத்திவைத்தார். படகில் ஏறியபோது என் முள் முப்பதுக்கும் கீழே இருந்தது. திட்டுக்குப் போய் நாலு நிமிஷம் வேடிக்கை பார்த்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பெங்களூர்க்காரருக்குக் கோபம். இவ்வளவு பக்கத்தில் போய் ஏன் திரும்பினோம் என்று கேட்டார். நான் ஏதும் சொல்லுமுன் நம் ஆளே, "எனக்குத்தான் சார் காது சரியில்லை. மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொய்யாகச் சொன்ன காது அடுத்த வருஷம் மெய்யாகவே கெட்டது. சீழ் வைத்து, செவிப்பறையில் ஓட்டை விழுந்து, மதுரை டாக்டர் இனிக் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்றார். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, தை பிறந்ததும் வழக்கம்போல் பந்தி பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் போனது. அவருடைய கடைசி வாய்ப்பு நான் விழுங்கிய காற்றில் போயிற்று.

ஒரு வருஷம் பொறுத்து, ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரும் எழுந்த பிறகு அவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். "அண்ணே, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

"ஆமா."

"முள்ளப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டீகளா?"

"நீங்க விரலைத் தூக்குறதுக்கு முன்னாடியே தெரியும். தடதடன்னு குமிழி விடுறீக. சிரிக்க வேற செய்றீக."

"அப்ப எதுக்கு என்னைக் கேட்டீக?"

ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கேக்குறது மரியாதை. பாக்குறது வேலை." பிறகு, "ஊறுகா இருந்தா கொஞ்சம் எடுத்தாங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் கடலை விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. மூச்சைப் பழக்கினேன். வருஷா வருஷம் போனேன். ஒவ்வொரு தடவையும் நீரோட்டமோ கலங்கலோ ஏதோ ஒன்று அந்தத் திட்டுக்குப் போகவிடாது. போன மார்கழியில்தான் வாய்த்தது. என்னோடு இறங்கியது மதுரைக் கல்லூரி ஆசிரியை ஒருவர், என் மகள் வயது. வழிகாட்டி வீடியோப் படம் எடுத்தான். விளக்கு வெளிச்சத்தில் விசிறி முழுசாகச் சிவந்து விரிந்து நிற்க, நான் அதன் முன்னால் மிதக்கிற படம். கரையேறியதும் எனக்கு ஒரே நினைப்புதான், இதை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அப்போது அவர் வேலையை விட்டுவிட்டுச் சிங்கம்புணரியில் மகள் வீட்டில் இருந்தார். இளைத்திருந்தார். ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை. வெள்ளைப் பணியாரம் வந்தது. நான் போதும் என்ற பிறகும், என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளிடம் இன்னும் இரண்டு வைக்கச் சொன்னார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, செல்போனில் அந்தப் படத்தை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். புருவம் சுருங்கியது.

"பின்னாடி நிக்கிற புள்ள யாரு?"

சொன்னேன்.

"அதுக்கு எம்புட்டு இருந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை. "விசிறியப் பாருங்கண்ணே, எவ்வளவு பெருசு!"

"இருக்கட்டும். அந்தப் புள்ள மூணு தடவை முள்ளைப் பாக்குது. ஒரு தடவை பாத்தா பழக்கம். மூணு தடவை பாத்தா பயம். எம்புட்டு இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. இறங்கும் முன்னால் கேட்டேன். திட்டுக்கு வந்ததும் கேட்டேன், நிறைய இருக்கிறது என்று கை காட்டினாள். அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். முதலில் சிரித்து மழுப்பினாள். விடாமல் கேட்டதும் சொன்னாள். "படகுல ஏறுறப்ப பத்துதான் சார் இருந்துச்சு. நீங்க எத்தனை வருஷ ஆசைன்னு சொல்லியிருந்தீங்க. நடுவுல எப்படிக் கூப்பிடுறதுன்னு..."

நல்ல வீட்டில் வளர்ந்த பெண், என்னைப் போலவே.

உள்ளே வந்து போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, அவருக்குக் கேட்கிற காதுப் பக்கம் உட்கார்ந்து, "பத்துண்ணே" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அடுத்த மார்கழிக்கும் அந்தப் புள்ளதான் வருதா?"

"ஆமாண்ணே."

"அதை முன்னாடி விடுங்க. நீங்க பின்னாடி போங்க."

"சரிண்ணே."

"அந்தப் புள்ள நல்லபடியா வீடு போய்ச் சேந்துருச்சுல்ல?"

"சேந்துருச்சு. இப்பத்தானே பேசிட்டு வர்றேன்."

"நீங்களும் சாப்பிட்டாச்சு." அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு கால்களை மடித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு போனை என்னிடம் நீட்டினார்.

"இப்ப மொதல்லேருந்து போடுங்க. விசிறியப் பாப்போம்."